உப்புக் காற்றும் ஒரு துவிச்சக்கர வண்டியும்

மட்டக்களப்பு வாவி ஒரு புறமும் வங்கக் கடல் மறு புறமுமாக, நடுவே நீண்டு கிடக்கும் மணல் நிலத்திலே அமைந்தது கல்லடி. பள்ளிக்கூடம் தொடங்கும் வேளைக்குச் சற்று முன்னர் பாலத்தின் அருகே நிற்போர், துவிச்சக்கர வண்டி இவ்வூர் வாழ்க்கையில் எத்தகைய இடத்தைப் பெற்றுள்ளதென்பதை எவரும் எடுத்துச் சொல்லாமலே அறிந்துகொள்வர். வெள்ளைச் சீருடை அணிந்த மாணவ மாணவியரும், மீன்பெட்டியைக் கரியரில் கட்டிய வியாபாரிகளும், கந்தோருக்குச் செல்வோரும், மேசன் வேலைக்குப் புறப்பட்டோரும் ஒருவர் பின் ஒருவராகப் பாலத்தைக் கடக்கும் காட்சி அது.

இவ்வண்டியை எளியோர் வாகனமென்று சிறிது இளக்காரமாக நோக்கியவர்களும் 2022ஆம் ஆண்டில் தம் எண்ணத்தை மாற்றிக்கொள்ள நேர்ந்தது. அவ்வாண்டு ஜூன் மாத இறுதியில் 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் ஒன்றின் விலை 470 ரூபாவை எட்டியது. பணம் கொடுக்க முடிந்தவர்களுக்கும் எரிபொருள் கிடைத்தபாடில்லை. ஜூன் 27ஆம் திகதி முதல் அத்தியாவசிய சேவைகளுக்கு மாத்திரமே எரிபொருள் விநியோகிக்கப்பட்டது. மோட்டார் சைக்கிள்கள் முற்றத்தில் உறங்க, கொட்டிலின் மூலையில் துருப்பிடித்துக் கிடந்த துவிச்சக்கர வண்டிகள் மீண்டும் வெளியே வந்தன. தேவை பெருகவே அவற்றின் விலையும் ஏறிற்று. அந்த நெருக்கடி தணிந்துவிட்டது. எனினும், அளவான வருமானமுள்ள குடும்பமொன்று வண்டி வாங்க எண்ணும்போது இரண்டு முறை யோசிக்க வேண்டிய நிலைமை மட்டும் நீங்கவில்லை.

ஆதலால், குறைந்த பணத்தில், நாள்தோறும் நம்பி ஏறத்தக்க வண்டியொன்றைத் தேர்ந்தெடுப்பது எவ்வாறு என்பதை இக்கட்டுரையில் ஆராய முற்படுகின்றோம். முதலிலேயே எமது முடிவைக் கூறிவிடுகின்றோம். கடையிலே கொடுக்கும் விலை வண்டியின் முழு விலை ஆகாது. மூன்று ஆண்டுகளில் அவ்வண்டிக்காக நாம் செலவிடும் மொத்தத் தொகையே அதன் உண்மையான விலை. கல்லடி போன்ற கடற்கரை ஊரில் அத்தொகையைக் கூட்டுவதும் குறைப்பதும் பெரும்பாலும் உப்புத்தான்.

உப்புச் செய்யும் வேலை

கடலலை உடையும்போது தெறிக்கும் நுண்ணிய நீர்த்துளிகளைக் காற்று கரைக்குக் கொண்டு வருகின்றது. நீர் காய்ந்தபின் உப்புத் துகள் எஞ்சி, இரும்பின்மேல் படிகின்றது. அதனால் என்ன கேடு என்று கேட்கலாம். காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 75 சதவீதத்தைத் தாண்டும்போது, சாதாரண உப்பு காற்றிலுள்ள நீராவியை உறிஞ்சித் தானே கரையும் இயல்புடையது. கடற்கரை இரவுகளில் இந்த அளவு ஈரப்பதம் சர்வ சாதாரணம். எனவே மழையே பெய்யாத நாளிலும், வெளியே நிறுத்தப்பட்ட வண்டியின் மேல் கண்ணுக்குத் தெரியாத உப்பு நீர்ப் படலமொன்று இரவு முழுவதும் வேலை செய்துகொண்டே இருக்கின்றது. ஓடித் தேயும் வண்டி ஒன்றென்றால், நின்றே துருப்பிடிக்கும் வண்டிகள் இங்கு பல.

பளபளப்பான குறோம் பூச்சும் இதற்கு விலக்கல்ல. அப்பூச்சு மிகவும் மெல்லியது. அதிலுள்ள ஊசித்துளை போன்ற இடைவெளிகளின் வழியே உப்பு நீர் உள்ளே புகுந்து, அடியிலிருக்கும் இரும்பை அரிக்கின்றது. மேலே ஒரு சிறு கறுப்புப் புள்ளி தோன்றும்போது கீழே குழி விழுந்திருக்கும். ஆகவே, கல்லடியில் வண்டி வாங்குவோர் மினுக்கத்தைக் கண்டு மயங்காது, எந்த உறுப்பு எந்த உலோகத்தால் ஆனதென்று கேட்டறிதல் வேண்டும். அலுமினியக் கலப்பு றிம்மும், துருவேறா உருக்கினாலான கம்பிகளும் சிறிது கூடுதலான விலையுடையன. ஆனால் கடற்காற்றில் அந்த மேலதிக விலை விரைவிலேயே ஈடாகிவிடும்.

அலுமினிய றிம்முக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. குறோம் பூசிய இரும்பு றிம் நனைந்திருக்கும்போது, பிறேக் இறப்பர் அதன் மேல் வழுக்குமேயன்றி இறுகப் பற்றாது. மாரி மழையில் பாலத்தின் இறக்கத்திலே இறங்கும் பிள்ளைக்கு இந்த வேறுபாடு மிகப் பெரியது. அலுமினிய றிம் நனைந்த நிலையிலும் எவ்வளவோ நன்றாகப் பற்றும்.

எத்தகைய வண்டி ஏற்றது?

இங்கிலாந்தின் கொவென்றி நகரில் ஜோன் கெம்ப் ஸ்ராளி என்பவர் 1885ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘றோவர்’ வண்டியே இன்றைய துவிச்சக்கர வண்டியின் முன்னோடி. ஏறக்குறைய ஒரே அளவான இரு சக்கரங்கள், பின் சக்கரத்தைச் சுழற்றும் சங்கிலி ஆகியன அதில் அமைந்தன. மூன்று ஆண்டுகளின் பின், 1888இல், பெல்பாஸ்ற் நகரில் வாழ்ந்த ஜோன் போய்ட் டன்லொப் தம் மகனின் மூன்று சக்கர வண்டிக்காகக் காற்றடைத்த இறப்பர்ச் சக்கரத்தைச் செய்து, அதற்கு உரிமம் பெற்றார். அதற்குப் பின்னர் எத்தனையோ புதுமைகள் வந்தபோதிலும், எம் தந்தையரும் பாட்டன்மாரும் ஓட்டிய கறுப்பு வண்டியின் அடிப்படை அமைப்பு மாறவில்லை. மாறாத அமைப்புக்கு ஒரு பெரிய இலாபம் உண்டு. அதன் உதிரிப்பாகம் எந்த ஊரிலும் கிடைக்கும். அதைத் திருத்தத் தெரிந்தவர் எந்தச் சந்தியிலும் இருப்பார்.

இக்காலக் கடைகளில் பல கியர்களும், முன்னே துள்ளும் வில்களும் பூட்டிய வண்டிகள் இளைஞர் மனத்தைக் கவர்கின்றன. அவற்றை நாம் குறை கூறவில்லை. மலைநாட்டிலே கியர் பெரும் வரப்பிரசாதம். கல்லடியிலோ நிலம் சமதரை; ஏற்றமென்று சொல்லத்தக்கவை பாலத்தின் இரு முனைகளே. குறைந்த விலை வண்டியில் கியரையும் வில்லையும் பூட்டும் தயாரிப்பாளர், அச்செலவை வேறு உறுப்புகளில் குறைத்தே ஆக வேண்டும். பெரும்பாலும் குறைவது சக்கரமும் பிறேக்கும் சுழல் அச்சுகளுமே. மணலும் உப்பும் சேர்ந்து கியரின் நுண்ணிய இணைப்புகளைச் சீக்கிரமே இறுக்கிவிடும். ஆதலின் ஒரே வேகமுள்ள, எளிய, உறுதியான வண்டியே எம் பரிந்துரை.

ஒற்றை வேகம் போதுமா என்று ஐயுறுவோர் ஒரு சிறு கணக்குச் செய்து பார்க்கலாம். முன் பற்சக்கரத்தில் 44 பற்களும் பின் சக்கரத்தில் 18 பற்களும் இருப்பின், பெடல் ஒரு முறை சுற்றும்போது பின் சக்கரம் ஏறத்தாழ 2.44 முறை சுற்றும். 28 அங்குலச் சக்கரத்தின் சுற்றளவு ஏறக்குறைய 2.2 மீற்றர். ஆகவே ஒரு மிதிப்புச் சுற்றுக்கு வண்டி 5 மீற்றருக்கு மேல் செல்லும். நிமிடத்துக்கு 50 சுற்று மிதித்தால் மணிக்கு 16 கிலோமீற்றர் வேகம் கிடைக்கும். கல்லடியிலிருந்து நகரப் பாடசாலைகளுக்கோ காத்தான்குடிக்கோ போய்வர இது தாராளம். வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகம் நகரிலிருந்து ஏறக்குறைய 16 கிலோமீற்றர் தொலைவிலுள்ளது. அவ்வளவு தூரத்தை நாள்தோறும் இரு வழியும் மிதிக்க எண்ணும் மாணவர், ஆனி ஆடி மாதங்களில் எதிர்த்து வீசும் கச்சான் காற்றையும் கணக்கிற் கொள்ள வேண்டும். அவர்களுக்குக் கியர் வண்டியோ, பஸ் தரிப்பிடம் வரை வண்டியும் அப்பால் பஸ்ஸுமோ பொருந்தலாம்.

வாங்குமுன் ரயரின் பக்கத்தில் பொறித்துள்ள அளவையும் வாசித்துப் பார்க்க வேண்டும். 26 × 1⅜ என்றும் 26 × 1.75 என்றும் இரு ரயர்கள் உண்டு. இரண்டும் ‘இருபத்தாறு’ என்றே அழைக்கப்படுகின்றன. முன்னையது பொருந்தும் றிம்மின் விட்டம் 590 மில்லிமீற்றர். பின்னையது பொருந்தும் றிம்மின் விட்டமோ 559 மில்லிமீற்றர். ஒன்று மற்றொன்றில் ஏறாது. பெரிய கறுப்பு வண்டியின் 28 × 1½ ரயருக்குரியது 635 மில்லிமீற்றர். ‘இந்த அளவு ரயர் எமது சந்திக் கடையில் எப்போதும் இருக்குமா?’ என்ற ஒரு கேள்வியை முன்னரே கேட்டுவிட்டால், பின்னர் ஒரு ரயருக்காகக் கொழும்பிலிருந்து பொதி வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

பழைய வண்டியைப் பரிசோதித்தல்

பணம் குறைவாயின், மட்டமான புதிய வண்டியைக் காட்டிலும் நல்ல பழைய வண்டி மேலானது என்பது எம் துணிபு. ஆனால் ‘நல்ல’ என்ற சொல்லைப் பரிசோதனை செய்த பின்னரே சேர்த்துக்கொள்ள வேண்டும். அதற்குப் பெரிய கருவிகள் வேண்டா; ஓர் அடிமட்டமும் கால் மணி நேரப் பொறுமையும் போதும்.

முதலாவதாகப் பிறேமைப் பாருங்கள். ஹாண்டிலுக்குக் கீழே, சாய்ந்து இறங்கும் குழாயின் அடிப்பக்கத்தை விரலால் தடவுங்கள். அங்கே பூச்சு சுருங்கியோ மடிந்தோ இருப்பின், வண்டி எங்கோ பலமாக மோதியதென்று கொள்ளலாம். பிறகு வண்டியை முன்னிருந்து நோக்கினால், ஹாண்டில் குழாயும் சீற் குழாயும் ஒன்றையொன்று மறைத்தபடி நேராக நிற்க வேண்டும். பிறேம் வளைந்த வண்டியை இனாமாகத் தந்தாலும் வேண்டாமென்று விடுவதே நன்று. ஏனைய உறுப்புகளை மாற்றலாம், இதனை மாற்ற முடியாது.

இரண்டாவதாக, சீற்றின் கம்பியைத் தளர்த்தி மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். அது அசையாவிடின் உள்ளே துரு இறுகியுள்ளது. பெடல் அச்சு செல்லும் குழாயின் அடியில் நாணயத்தால் மெல்லத் தட்டினால், அரித்த இரும்பு மந்தமான ஒலி எழுப்பும். வண்டிக்குள் இறங்கும் நீர் முழுவதும் தங்குமிடம் அதுவே.

மூன்றாவதாக, சக்கரங்களை நிலத்திலிருந்து தூக்கிச் சுழற்றுங்கள். றிம் இருபுறமும் ஆடாது, பிறேக் இறப்பருக்கு நேராக ஓட வேண்டும். கம்பிகளை ஒவ்வொன்றாக விரலால் மீட்டினால் ஒத்த ஒலி எழ வேண்டும். தொய்ந்த கம்பிகள் ஒன்றிரண்டாயின் இறுக்கலாம். துருவால் மெலிந்த கம்பிகள் பலவாயின் சக்கரத்தையே மீளக் கட்ட வேண்டிவரும். பின்னர் இரு பெடற் கைகளையும் பிடித்துப் பக்கவாட்டில் அசையுங்கள். இரண்டும் சேர்ந்து ஆடினால் உள்ளேயுள்ள அச்சும் குண்டுகளும் தேய்ந்தவை. ஒன்று மட்டும் ஆடினால் அதைப் பிணைக்கும் ஆப்புத் தளர்ந்தது. பின்னையது சிறு செலவு. முன்னையது அதனினும் பெரிது.

நான்காவது சோதனை சங்கிலிக்கு உரியது. கணிதம் கற்கும் மாணவருக்கு இது உவப்பளிக்கும். துவிச்சக்கர வண்டிச் சங்கிலியின் ஓர் ஊசிக்கும் அடுத்த ஊசிக்கும் இடைப்பட்ட தூரம் சரியாக அரை அங்குலம். ஆகவே 24 கண்ணிகள் 12 அங்குலம். அடிமட்டத்தின் தொடக்கத்தை ஓர் ஊசியின் நடுவில் வைத்து இருபத்துநான்காவது கண்ணியின் முடிவைப் பாருங்கள். அது 12⅛ அங்குலத்தை எட்டியிருப்பின் சங்கிலி ஏறக்குறைய நூற்றுக்கு ஒரு பங்கு நீண்டுவிட்டது, மாற்ற வேண்டும். நீண்ட சங்கிலியோடு நெடுநாள் ஓடிய வண்டியாயின் பற்சக்கரங்களும் தேய்ந்திருக்கும். அச்செலவையும் விலையிற் குறைத்துக் கேளுங்கள்.

இங்கிலாந்தின் பழைய றலி வண்டியை ஒருவர் விற்க முன்வருவாராயின் மகிழ்ச்சியே. நொட்டிங்காம் நகரில் அவ்வண்டிகளின் தயாரிப்பு 2002ஆம் ஆண்டோடு நின்றுவிட்டபோதிலும், அவற்றின் உருக்கு இன்னும் பலருக்கு உழைக்கின்றது. ஆயினும் ஒரு நுட்பத்தை அறிந்திருத்தல் நலம். பெடல் அச்சைத் தாங்கும் கிண்ணங்களின் புரி, பொதுவாக அங்குலத்துக்கு 24 ஆகும். றலியின் பழைய வண்டிகள் பலவற்றில் அது 26. பார்வைக்கு ஒன்றுபோலிருக்கும் வேறு கிண்ணத்தை வலிந்து திருகினால் பிறேமின் புரியே அழிந்துவிடும். திருத்துபவரிடம் இதனை முன்கூட்டியே நினைவூட்டுங்கள்.

பேரம் முடிந்தபின், பிறேமில் பொறித்துள்ள இலக்கத்தைக் குறிப்பிட்டு, விற்பவரின் கையொப்பத்தோடு பற்றுச்சீட்டுப் பெறுதல் அவசியம். எழுதித் தரத் தயங்குபவரின் வண்டி எவ்வளவு மலிவாயினும் அதை விட்டு விலகுவதே மானமுள்ளோர் செயல்.

யாருக்கான வண்டி?

பள்ளிச் சீருடையைச் சற்றுப் பெரிதாகத் தைப்பதுபோல, வளரும் பிள்ளைக்குப் பெரிய வண்டியாக வாங்கும் வழக்கம் எம்மிடையே உண்டு. சீருடை பெரிதானால் மடித்துத் தைக்கலாம். வண்டி பெரிதானால் பிள்ளை விழும். குறுக்குக் குழாயின் மேலாக இரு கால்களையும் நிலத்தில் ஊன்றி நிற்கும்போது, இடையில் இரண்டு மூன்று சென்ரிமீற்றராவது இடைவெளி இருத்தல் வேண்டும். சீற்றில் அமர்ந்து, தாழ்ந்திருக்கும் பெடலில் குதிகாலை வைத்தால் கால் நேராக நீள வேண்டும். அவ்வாறு சரிசெய்தால், பாதத்தின் முன்பகுதியால் மிதிக்கையில் முழங்கால் அளவாக மடியும். களைப்பும் நோவும் குறையும். இந்தப் பொருத்தம் அமைந்த வண்டியில், சீற்றை மேலே உயர்த்த இன்னும் இடமிருக்குமாயின், வளரும் பிள்ளைக்கும் இரண்டொரு ஆண்டு போதியதாகும்.

குடும்பத்தில் ஒரே வண்டியைப் பலர் ஓட்டுவதாயின், குறுக்குக் குழாய் தாழ்ந்த பெண்கள் வண்டி எல்லோருக்கும் ஏற்றது. எனினும் இதிலும் தேவையே பெரிது. தமிழ்நாட்டின் புதுக்கோட்டை மாவட்டத்தில் 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, அன்றைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அவர்களின் ஊக்கத்தால் பல்லாயிரம் கிராமப் பெண்கள் எழுத்தோடு சைக்கிள் ஓட்டவும் கற்றனர். பெண்கள் வண்டிக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டபோது அவர்கள் ஆண்கள் வண்டியில் ஏறினர். குறுக்குக் குழாயிலே குழந்தையை இருத்திக்கொள்ளலாமென்று அதனையே விரும்பியவர்களும் உண்டு. பஸ்ஸுக்காகக் காத்திராமல் சந்தைக்கும் வகுப்புக்கும் போய்வர முடிந்ததே அவர்கள் கண்ட பெரும் பயன். எமது வீட்டுப் பெண்பிள்ளைக்கு வண்டி வாங்குவது ஆடம்பரச் செலவா என்று யோசிக்கும் பெற்றோர் இதனை எண்ணிப் பார்த்தல் தகும்.

பணத்தைப் பங்கிடும் முறை

ஆனையை வாங்கியவன் அங்குசத்துக்குக் காசில்லாமல் திகைத்ததுபோல், கையிலுள்ள பணம் முழுவதையும் வண்டிக்கே கொடுத்துவிட்டுப் பூட்டுக்கும் விளக்குக்கும் கடன் கேட்போரைக் காண்கின்றோம். கையிலுள்ள தொகையைப் பத்துப் பங்காக்குங்கள். ஏழு பங்குக்குள் வண்டியைத் தேடுங்கள். இரண்டு பங்கை, வாங்கிய முதல் வாரத்திலேயே செய்ய வேண்டிய திருத்தங்களுக்கு ஒதுக்குங்கள்: பிறேக் இறப்பர், தேய்ந்த ரயர், அச்சுகளுக்குப் புதிய கிறீஸ். எஞ்சிய ஒரு பங்கு நல்ல பூட்டு, காற்றடிக்கும் பம்ப், முன் விளக்கு, பின்னே சிவப்பு ஒளிகாட்டி ஆகியவற்றுக்கு. மாலை வகுப்பு முடிந்து இருளில் திரும்பும் பிள்ளைக்கு அந்தச் சிவப்பு ஒளி, மணியைக் காட்டிலும் முக்கியமானது.

பராமரிப்பும் பெரிய காரியமன்று. வாரம் ஒரு முறை நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் வண்டியைத் துடைத்து உப்பை நீக்கி, உலர்ந்த துணியால் ஈரத்தை ஒற்றியெடுங்கள். சங்கிலியை முதலில் துடைத்துவிட்டு, கண்ணிக்கு ஒரு துளியாக எண்ணெய் இட்டு, வெளியே வழிவதையும் துடைத்துவிடுங்கள். எண்ணெய் மிகுந்தால் மணல் ஒட்டும். மணல் அரம்போல் அராவும். ரயரிலே பொறித்துள்ள அளவுக்குக் காற்று இருக்கட்டும். காற்றுக் குறைந்தால் மிதிப்பும் கடினம், ரியூப்பும் றிம்மில் நசுங்கிக் கிழியும். கார்த்திகை மார்கழி மாரியில் வாவி நீர் ஒழுங்கைகளில் ஏறும்போது, சக்கர அச்சு மூழ்குமளவுக்கு நீரில் ஓட்டாதிருத்தல் நன்று. ஓட்ட நேர்ந்துவிட்டால் அன்றே நல்ல தண்ணீரால் கழுவி, அடுத்த சில நாட்களுக்குள் அச்சைத் திறந்து புதிய கிறீஸ் இடச் செய்யுங்கள். இரவில் வண்டியை வீட்டுக்குள்ளோ திண்ணையிலோ வைப்பதற்குக் காசு செலவில்லை. வண்டியின் ஆயுளைக் கூட்டுவதில் அதற்கு நிகரானது வேறில்லை.

கல்லடிப் பாலம் 1924ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. அக்காலத் தேசாதிபதி மனிங் அவர்களின் பாரியார் பெயரால் அது வழங்கிற்று. ஒடுங்கிய அந்த இரும்புப் பாலத்தின் மேல் எத்தனை தலைமுறையினர் துவிச்சக்கர வண்டியில் ஊர்ந்து சென்று கல்வியும் தொழிலும் பெற்றனர்! அதனருகே அகன்ற புதிய பாலம் 2013ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் திறக்கப்பட்டது. இரு பாலங்களுக்கும் உப்புக் காற்று ஒன்றே. பூச்சும் பராமரிப்பும் இன்றி இரும்பு இங்கு நிலைத்ததில்லை.

பாடசாலைக்குப் போகும் பிள்ளையின் வண்டி மாதத்தில் நான்கு நாள் திருத்துமிடத்தில் கிடந்தால், அப்பிள்ளை இழப்பது நான்கு நாள் பாடம். கூலி வேலைக்குச் செல்லும் தந்தையின் வண்டியாயின், அது நான்கு நாட் சம்பளம். அந்த இழப்பையும் சேர்த்துக் கணக்கிடும் குடும்பம் சக்கரத்தையும் பிறேக்கையும் அச்சையும் பார்த்தே விலை பேசும். ஆகவே அடுத்த முறை கடைக்குச் செல்லும்போது, பணத்தோடு ஓர் அடிமட்டத்தையும் மறவாது எடுத்துச் செல்லுங்கள்.